மருமகள் கதையின் மிச்சப் பாதி

ரொறன்ரோ,
அந்தோனியார் திருநாள்.

அன்புள்ள மகன் றொய்சனுக்கு அம்மா எழுதுவது,

அந்தோனியாரின் மன்றாட்டாலும் டொக்ரர் எழுதித் தந்த குளிசைகளாலும் இங்கே நாங்கள் இருவரும் சுகமாயிருக்கிறோம். நீயும் வன்கூவர் மழையில் நனையாமல், கடைச் சாப்பாட்டை நம்பியிராமல், சுகமாயிருக்க வேண்டுமென்று செபமாலையில் ஒரு பத்து மணியை நாள்தோறும் உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். 'இருவரும்' என்று எழுதியதை வாசித்தபோது உன் நெற்றி சுருங்கியிருக்கும். சுருங்கட்டும், அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ரெலிபோனில் சொல்லலாமே என்பாய். ரெலிபோனில் நான் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் உனக்கு ஒரு மீற்றிங் தொடங்கிவிடுகிறது, கனடாவில் உன்னளவுக்கு மீற்றிங் உள்ள மனிதர் பிரதமராகத்தான் இருக்க வேண்டும். கடிதத்தை நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் அது மேசையில் கிடக்கும், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து உன்னைப் பார்க்கும். அதனால் எழுதுகிறேன்.

விக்ரோறியா டே விடுமுறைக்கு உன் மாமா அமிர்தநாதர் பிக்கரிங்கிலிருந்து வந்திருந்தார். முழங்கால் இன்னும் சரியில்லை, ஆனால் வாய் நல்ல சுகம். நாங்கள் ஏன் இன்னும் பாதர்ஸ்ற் தெருப் பக்கம் யூதக் கிழவர்களுக்கு நடுவில் இருக்கிறோம், ஸ்காபரோவுக்கு வந்து எங்கள் சனத்தோடு இருக்கக்கூடாதா என்று வழக்கமான பல்லவியைப் பாடி முடித்தார். அப்பா இருக்கும்போதே பாடியதுதான். பிறகு குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். கிறிஸ்ரினா அவருக்கென்று மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். செப்ரெம்பரில் தன் மகள் ஸ்டெபனிக்குக் கலியாணம், அதற்கு நீ வருவதாகச் சொல்லியிருக்கிறாயாம், ஆனால் கிறிஸ்ரினா இந்த வீட்டில் இருந்தால் வரமாட்டாயாம், ஆகையால் அவளை ஓகஸ்ற் முடிவதற்குள் ஒஷாவாவில் அவளுடைய ஒன்றுவிட்ட பெரியம்மாவின் பேஸ்மன்ற்றுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். கலியாணம் முடிந்ததும் நான் உன்னோடு வன்கூவருக்கு வந்துவிட வேண்டுமாம். எல்லாவற்றையும் எவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்கிறாய். யோசித்ததைச் சொல்ல மட்டும் ஒரு முழங்கால் வருத்தக்காரரை அனுப்பியிருக்கிறாய். அவர் உன் தூதை முடித்துவிட்டுத் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார். “மகன் இல்லாத வீட்டில மருமகள் என்ன முறையில இருக்கிறா எண்டு சனம் கேக்குது, அக்கா.” நான் சொன்னேன், “மகன் என்ன முறையில இல்லாமல் இருக்கிறான் எண்டு சனம் கேக்கேல்லையோ, தம்பி?” அவர் மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். போகும்போது, கோயிலில் கீபோர்ட் வாசிக்கிற யூட்சன் ஒரு மழை நாளில் கிறிஸ்ரினாவுக்குக் கார் வரைக்கும் குடை பிடித்தான் என்பதையும் வருத்தத்தோடு தெரிவித்தார். பொரித்த மீனில் நான்கு துண்டு கட்டிக்கொண்டு போனார்.

நீ ஆறு மாத ஒப்பந்தம் என்று சொல்லிப் போய் மூன்று வருடம் ஆகிறது. சண்டை பிடித்துப் போயிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும், உன் அப்பாவும் நானும் பிடிக்காத சண்டையா. நீ அதுவும் செய்யவில்லை. முதல் வருடம் நாள்தோறும் எடுத்தாய், பிறகு ஞாயிறுகளில், பிறகு என்னிடம் மட்டும். அவள் உன்னிடம் திரும்பி வருவீர்களா என்று கேட்டால் ஒரே பதில்: 'பார்ப்பம்'. நானும் அங்கே வரட்டுமா என்று கேட்டால் அதற்கும் 'பார்ப்பம்'. மன்னாரிலிருந்து உன்னை நம்பி வந்த பிள்ளை, தாய் இல்லை, தகப்பன் அங்கே தமையனோடு. இந்த நாட்டில் அவளுக்கு உரித்து என்று சொல்ல ஒரு மாமியும் ஒரு 'பார்ப்ப'மும் மட்டும்தான். அவள் வக்கீலிடம் போனால் உன் சம்மதமில்லாமலே விவாகரத்து எடுக்கலாம் என்று ஸ்டெபனி சட்டம் பார்த்துச் சொன்னாள். எடுக்கலாம்தான். ஆனால் வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் இருப்பவனுக்கு எதிராக வழக்குப் போட அவளுக்கு மனம் வரவில்லை. உனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறாய்.

இப்போது நான் வேறெங்கோ போகிறேன் என்று நினைப்பாய், போகவில்லை, கூடவே வா. எங்கள் கட்டிடத்தின் பார்ட்டி றூம் பூட்டின் திறப்பு என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். குடியிருப்போர் சங்கத்தில் வேறு யாரும் ஏற்காத பதவி. அந்த அறையைத்தான் கட்டிடத்து யூதர்கள் செபக்கூடமாகப் பாவிக்கிறார்கள். தெருக்கோடியில் பெரிய செபக்கூடம் இருக்கிறது, கிழவர்களால் நடக்க முடியாது, திருநாளில் காரில் ஏறவும் கூடாது. முன்பு இரண்டு கூட்டமாக இருந்தார்கள். நான்காம் மாடி மிஸ்டர் பிர்ன்பாமின் ஆட்கள் போலந்துப் பக்கத்துப் பரம்பரை, எங்கள் மாடி மிஸ்டர் ஒஹாயோனின் ஆட்கள் மொறோக்கோக்காரர். பொது வழிபாட்டுக்கு அவர்களுக்குப் பத்து ஆண்கள் வேண்டும், பத்து இல்லாவிட்டால் வேதச் சுருளை வெளியே எடுக்கக்கூட முடியாது. போன குளிரில் பிர்ன்பாமின் பக்கம் ஒருவர் காலமானார், ஒருவரை மகள் புளோரிடாவுக்குக் கொண்டுபோனாள். ஒஹாயோனின் பக்கம் பேரப்பிள்ளை பார்க்க மொன்றியலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மிஞ்சியது இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. ஒருவரை ஒருவர் சகிக்க மாட்டார்கள், ஒருவர் இல்லாமல் மற்றவருக்குக் கடவுளே இல்லை. குடும்பம் என்று வேறு எதைச் சொல்வது.

இந்த ஜூன் தொடக்கத்தில் அவர்களுக்கு வாரங்களின் திருநாள் வந்தது, எங்கள் பெந்தகோஸ்துக்குப் பெரியண்ணன் முறையான திருநாள். இரண்டு நாள். அதற்கு முதல் கிழமை இரு கிழவரும் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து இரு முனையில் இருந்தார்கள், நடுவில் நான், அறைத் திறப்போடு. கடவுள் சட்டம் கொடுத்ததை வாசிக்கும் முதல் நாள் காலையில், அந்த வாசகத்துக்கு முன் பிர்ன்பாமின் ஆட்கள் ஒரு நீண்ட பழம்பாட்டுப் படிப்பார்கள். ஒஹாயோனின் ஆட்கள் பாட்டுப் படிப்பதில்லை. அவர்கள் சுருள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கலியாண ஒப்பந்தம் வாசிப்பார்கள், கடவுளுக்கும் சனத்துக்கும் நடந்த கலியாணமாம். சனம்தான் பெண். பெண் கொண்டுவரும் சீதனம் என்ன என்றும் அதிலே எழுதியிருக்கிறது: கேட்கிற காது, பார்க்கிற கண், விளங்கிக்கொள்கிற மனம். எங்கள் ஆட்களிடம் இந்தச் சீதனத்தைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போவார்கள் என்று சொன்னேன். இருவரும் சிரிக்கவில்லை. பாட்டு முந்தியா ஒப்பந்தம் முந்தியா என்று முடிவெடுப்பதற்குள் எனக்குப் பின்னேரமாகிவிட்டது. நீ உடனே அவர்களைப் பார்த்துச் சிரிக்காதே. பெரிய வெள்ளிக்கு யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாமை மன்னார் இராகத்தில் படிப்பதா பாசையூர் இராகத்தில் படிப்பதா என்று உன் மாமா போட்ட சண்டையில் இரண்டு பாடகர் குழு உண்டானது, இரண்டுக்கும் இன்றுவரை ஆள் போதாது.

ஆனால் பெரிய பிரச்சினை அதுவல்ல, மருமகள் கதைதான். நீ மறைக்கல்வியில் படித்ததுதான், ரூத் என்ற பெண்ணின் கதை. புருசன் செத்துப்போக, அந்நிய தேசத்துப் பெண் தன் ஊருக்குத் திரும்பிப் போகாமல் மாமியாருக்குப் பின்னால் போகிறாள். இந்தத் திருநாளில் அதை இரு பக்கமும் வாசிப்பார்கள், வாசிக்கும் முறைதான் வேறு. பிர்ன்பாமின் ஆட்கள் இரண்டாம் நாள் காலையில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே இருப்பில் முடிப்பார்கள். அவரிடம் தாத்தா காலத்துத் தோற்சுருள் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து வாசிப்பதால் முன்னால் ஓர் ஆசீர்வாதம் சொல்லியே தீரவேண்டும் என்பார். ஒஹாயோனின் ஆட்கள் கதையைச் சரிபாதியாகப் பிரித்து, முதல் பாதியை முதல் நாள் மாலைச் செபத்துக்கு முன்னும் மறுபாதியை இரண்டாம் நாள் மாலையிலும் வாசிப்பார்கள். ஆசீர்வாதம் கிடையாது, தேவையில்லாத ஆசீர்வாதம் கடவுளின் பெயரை வீணாகச் சொல்வது என்பார். பிர்ன்பாம் சொன்னார், பாதிக் கதை தொலைக்காட்சிக்காரர் செய்கிற வேலை என்று. ஒஹாயோன் சொன்னார், நாங்கள் எத்தனையோ தலைமுறையாக அங்கேதான் நிறுத்துகிறோம், மிச்சம் தெரியாமல் ஒருவரும் செத்ததில்லை என்று. மாலை வாசகத்தைக் காலைக்கு மாற்றக்கூடாதா என்று கேட்டேன். இருவரும் முதல்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

முதல் நாள் மாலை நானும் கேத்திலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். ஒஹாயோன் வாசித்து, வாசித்ததை ஆங்கிலத்திலும் சொன்னார். பழைய நாளில் அவர்களுடைய அரபுக் கலப்பு மொழியில் சொல்வார்களாம், இப்போது அதைக் கேட்க ஆளில்லை. பாதி எங்கே முடிகிறது தெரியுமா. அந்தப் பெண் அறுவடை முடியும்வரை வயலில் கதிர் பொறுக்கினாள், தன் மாமியாரோடு தங்கியிருந்தாள், அவ்வளவுதான். புத்தகத்தை மூடினார்கள். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. மேலே வந்து புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு கிறிஸ்ரினாவுக்குச் சொன்னேன். எங்களைப் போலவே ஒரு மாமியும் மருமகளும் என்று இருவரும் சிரித்தோம். அவளுக்கு வேலை பல் டொக்ரரிடம், கதிர் பொறுக்குவதைவிட மேல், ஆனால் நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் குனிந்து நின்றுவிட்டு வருகிறவள். பிறகு என்ன நடந்தது மாமி என்று கேட்டாள். அவர்கள் முறையில் அங்கேதான் நிறுத்துவது என்று சொன்னேன். நான் சொன்னது பொய் இல்லை. வசதியாக இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் மிஸ்டர் பிர்ன்பாம் என் கதவடிக்கு வந்து, பார்ட்டி றூம் இன்று மிக இருட்டாக இருக்கிறது என்று வானிலையைப் பற்றிக் கதைப்பதுபோலச் சொன்னார். திருநாளில் அவர்கள் சுவிச்சைத் தொடக்கூடாது, தொடச் சொல்லி என்னைக் கேட்கவும் கூடாது, இருட்டைப் பற்றிக் கவலைப்படலாம். நானும் என்பாட்டில் போய் விளக்கைப் போட்டேன். இத்தனை சுற்றிவளைத்துக் கேட்டாலும் அவர் கேட்பது எனக்கு விளங்குகிறது, நீ நேரே கதைத்தும் விளங்குவதில்லை. அவர் சுருளை விரித்து ஆசீர்வாதத்தைச் சொன்னார். ஒஹாயோனின் ஆட்கள் ஆறு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமென் சொல்லாமல் இருப்பதைக்கூடச் சத்தமாகச் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஆனால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. போனால் பத்துக் குறையும்.

இங்கேதான் என் பிழை. காலையில் கதை முழுதாக முடிந்துவிடும் என்று பிர்ன்பாம் சொன்னதைக் கேட்டு, அன்று மாலை அறையை ஸும்பா வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். முடிந்த கதையின் பிற்பாதியை அன்று மாலையே மறுபடி வாசிப்பார்கள் என்று எந்தக் கத்தோலிக்கப் பெண் நினைப்பாள். ஒஹாயோன் புத்தகத்தோடு வந்தபோது உள்ளே இருபது பெண்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் முன்னோரை ஸ்பெயினிலிருந்தே துரத்தினார்கள், பார்ட்டி றூமுக்காக நான் அழமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களைக் கீழே லொபிக்குக் கூட்டிப்போய், தபால் பெட்டிகளுக்கு முன்னால் உள்ள சோபாக்களில் இருத்தினார். வகுப்பு முடிந்ததும் செபத்துக்கு மேலே போவது, வாசகம் இங்கே. காலையில் முழுக் கதையையும் முடித்த பிர்ன்பாமும் வந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தாராம், பிழை பிடிக்க. அந்த நேரம் கிறிஸ்ரினா வேலையால் வந்திருக்கிறாள். எலிவேற்றர் ஒன்று பழுது, மற்றதற்குச் சனம். யாரோ இடம் விட, சோபாவின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

அவள் கேட்டது மிச்சப் பாதி. நீ மறந்திருப்பாய், சொல்கிறேன். மாமியார் ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, உனக்கு ஒரு வாழ்வைத் தேடித் தராமல் நான் இருக்கலாமா என்று கேட்கிறாள். குளித்து நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போ என்று, வயற்காரரான ஒரு நல்ல மனிதரிடம் தானே அனுப்புகிறாள். மாமியார்தான், மகனே. ஆனால் அந்த மனிதரைவிட நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான், பெண்ணை ஏற்கும் முதல் உரிமை அவனுக்கு. அவனை ஊர் வாசலில் இருத்தி, பெரியவர்களை அழைத்து, அங்கேயும் பத்துப் பேர்தான், உனக்கு வேண்டுமா சொல் என்று கேட்கிறார்கள். செத்த புருசனின் காணி வேண்டுமா என்று கேட்டபோது ஓம் என்கிறான். காணியோடு பெண்ணும் வருகிறாள் என்றதும் வேண்டாம் என்கிறான். வேண்டாம் என்பதற்கு அடையாளமாகத் தன் செருப்பைக் கழற்றி மற்றவரின் கையில் கொடுக்கிறான். அத்தோடு அவள் விடுபடுகிறாள், கலியாணம் நடக்கிறது, பிள்ளை பிறக்கிறது. இந்த மருமகள் உனக்கு ஏழு மகன்மாரைவிட மேல் என்று அயல் பெண்கள் மாமியாருக்குச் சொல்கிறார்கள். எனக்கு ஏழு இல்லை, ஒன்றுதான், ஒப்பிடுவது இன்னும் சுலபம். கிறிஸ்ரினா அங்கே ஒரேயொரு கேள்வி கேட்டாளாம், செருப்பைக் கொடுத்தவனின் பெயர் என்ன என்று. ஒஹாயோன் புத்தகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெயர் எழுதப்படவில்லை, 'இன்னார்' என்று மட்டும் இருக்கிறது என்றாராம். இது ஒன்றில் எங்களுக்குள் வேற்றுமை இல்லை என்று பிர்ன்பாம் சொன்னாராம்.

அவள் மேலே வந்து சப்பாத்தைக் கழற்றினாள். கதவடித் தட்டில் உன்னுடைய குளிர்காலச் சப்பாத்து இருக்கிறதல்லவா, நீ ஆறு மாதத்தில் வந்து போடுவதற்கென்று விட்டுப் போனது, அதற்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள். பிறகு குசினிக்கு வந்தாள்.

“மாமி, நேற்று நீங்கள் சொன்ன கதை உதோட முடியேல்லையாம்.”

முதல் நாள் அங்கைதான் நிப்பாட்டுறது, அது அவையின்ர முறை என்று சொன்னேன்.

“அவையின்ர முறை சரி. உங்கட முறை என்ன, மாமி?”

நான் அடுப்பைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தட்டு எடுத்து வைத்தாள், எனக்குக் குளிசை எடுத்துத் தந்தாள், சாப்பிட்டோம். கோப்பை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள், “உந்தச் சப்பாத்தை என்ன செய்யிறது?” மூன்று வருடத்தில் அவள் உன்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்குப் பதில் என்னுடையதல்ல. அந்தச் சனிக்கிழமை அவள் பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து அந்தச் சப்பாத்தில் ஒட்டியிருந்த, பனிக்குத் தெருவில் போடுகிற உப்பையெல்லாம் தேய்த்து எடுத்து, மினுக்கி, தட்டில் திரும்ப வைத்தாள். போடப் போகிற ஒருவருக்கா, கொடுத்துவிடப் போகிற ஒருவருக்கா என்று நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு மாமா திரும்பவும் பிடித்துக்கொண்டார். ஒஷாவா விசயம் என்னாச்சு என்று கேட்டார், ஸ்டெபனியின் கலியாணத்துக்கு வாசகம் தெரிந்தெடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். எந்த வாசகம் என்றால் அதேதான், உன் கலியாணத்தில் அவர் நெஞ்சில் கைவைத்து வாசித்தாரே, நீர் போகுமிடத்துக்கு நானும் வருவேன், உம்முடைய சனம் என் சனம் என்று. ஸ்காபரோவில் தமிழ்க் கலியாணம் பாதிக்கு அதுதான் வாசகம். மாப்பிள்ளையைப் பெண் பார்ப்பாள், பெண்ணின் தாய் அழுவாள், வீடியோக்காரர் கிட்டே வருவார். தம்பி, அந்தப் பெண் அதை யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று கேட்டேன். புருசனைத்தான் என்றார். புருசன் அதற்கு முன்னமே செத்துப்போனான், அவள் அதைத் தெருவில் நின்று மாமியாரைப் பார்த்துச் சொன்னாள் என்றேன். எங்கள் ஆட்கள் ஒரு கிழவிக்குச் சொன்ன வார்த்தையை எடுத்துப் பீடத்தின் முன் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒரு சுவாமியும் தடுக்கவில்லை. உன் கலியாணத்தன்று கோயில் நிறைந்திருந்த சனத்தில் அதைச் சரியாகக் கேட்டவள் கிறிஸ்ரினா மட்டும்தான். சொன்னபடி என்னோடு நிற்கிறாள். நீ அவளைக் குற்றம் சொல்வதானால் வாசகம் தெரிந்தெடுத்த மாமாவைச் சொல்.

ஆனால் அந்த வார்த்தையை நான் காலம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கப் போவதில்லை. இனி என் முறையைச் சொல்கிறேன், கேள். கிறிஸ்ரினாவை நான் ஒஷாவாவுக்கு அனுப்பப் போவதில்லை. அவள் போக விரும்பினால் போவாள், போகிற இடத்தை அவள்தான் தெரிந்தெடுப்பாள், அது ஒருவருடைய பேஸ்மன்ற்றாகவும் இருக்காது. நான் வன்கூவருக்கு வரப்போவதில்லை, உன் மழையை நீயே வைத்துக்கொள். ஸ்டெபனியின் கலியாணத்துக்கு நாங்கள் இருவரும் போவோம், பட்டுச் சேலை எடுத்தாகிவிட்டது, முன்வரிசையில்தான் இருப்போம். நீ வருவதானால் கலியாணத்துக்கு முதலே இந்த வீட்டுக்கு வா. வந்து சாப்பாட்டு மேசையில் இரு, பத்துப் பேர் வேண்டாம், நான் ஒருத்தி போதும். அவள் முகத்தைப் பார்த்து ஒன்று வருகிறேன் என்று சொல், அல்லது வரவில்லை என்று சொல். அவள் அழுதால் அழட்டும், கத்தினால் கத்தட்டும், அதற்குப் பிறகு அவளுக்கு அடுத்த நாள் என்று ஒன்று வரும். 'பார்ப்பம்' என்பவனுடைய பெண்சாதிக்கு அடுத்த நாளே வருவதில்லை, அறுவடை முடியும்வரை தங்கியிருந்தாள் என்ற இடத்தில் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாய். மொறோக்கோக்காரர்கூட மறுநாள் வந்து திறக்கிறார்கள். அறை இல்லாவிட்டால் லொபியில் இருந்து திறக்கிறார்கள்.

அந்தப் பெயரில்லாதவனை நான் மறைக்கல்வி நாளிலிருந்து கேவலமாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது கொஞ்சம் மரியாதை வருகிறது. அவன் ஊர் வாசலுக்கு வந்தான், கேட்ட கேள்விக்குத் தன் வாயால் பதில் சொன்னான், செருப்பைத் தன் கையால் கழற்றிக் கொடுத்தான். மாமாவை அனுப்பவில்லை. கெட்டவனாகிவிடுவேன் என்று பயந்துதானே நீ சொல்லாமல் இருக்கிறாய், மகனே. உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்கிறவனை நான் கோபிப்பேன், ஒரு வருடம் உன்னோடு கதைக்காமலும் இருப்பேன், பிறகு ஒருநாள் கருவாடு பொரித்து அனுப்புவேன். சொல்லாமல் ஒளிக்கிறவனோடு கோபிக்கக்கூட எனக்கு இடமில்லை, எங்கே பார்த்துக் கோபிப்பது.

வேறு விசேசம் இல்லை. கிழவர்கள் இருவரும் அடுத்த திருநாளுக்கு இப்போதே சண்டை தொடங்கிவிட்டார்கள், அது இலையுதிர் காலத்தில். அதிலும் ஒரு வாசகத்தை ஒரு பக்கம் பாதியில் நிறுத்துமாம், மற்றப் பக்கம் முடிவுவரை போகுமாம். இம்முறை அறையை இரண்டு நாளும் முழுதாக அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். மிஸ்டர் பிர்ன்பாம் திருநாளுக்குச் செய்த சீஸ் கேக்கில் உனக்கென்று ஒரு துண்டு தந்தார், நீ சின்ன வயதில் அவர் கதவடியில் நின்று வாங்கித் தின்றதை இன்னும் மறக்கவில்லை. உன் பங்கைக் கிறிஸ்ரினா சாப்பிட்டாள், நான்தான் சாப்பிடச் சொன்னேன். மாமாவின் முழங்காலுக்கு ஊசி போடப் போகிறார்களாம், மன்றாடிக்கொள். நீ பிரஷருக்குக் குளிசை எடுக்கிறாயா, உப்பைக் குறை. ஞாயிறு பூசையை விடாதே, பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை, சுவாமி கேட்பார்.

காணாமற் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியார் உன் நாக்கைக் கண்டெடுத்து உன்னிடம் சேர்ப்பாராக. மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. அப்பாவின் ஆன்மா உனக்காக மன்றாடட்டும், அவர் எதையும் பாதியில் விட்ட மனிதரல்ல, கோபத்தையும் சேர்த்து. கவரில் உன் பெயரை அவர் வைத்தபடியே ஓரெழுத்தும் குறையாமல் எழுதியிருக்கிறேன், அது 'இன்னார்' ஆகாமல் அப்படியே இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் குளிருக்கு முன் அந்தச் சப்பாத்துக்கு ஒரு முடிவு வேண்டும். மினுக்கித் தட்டில் இருக்கிறது, அளவு பத்து. யூட்சனுக்கு என்ன அளவு என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னை மறவாத அம்மா
அன்ரனெற்